இருபது லிட்டர்

பழைய டிராவலர் வேன். பின்மூலையில் ஒரு கழிப்பறை.
விற்றவர் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.
"வேணும்னா புடுங்கிப் போட்டுட்டு
பீரோ வெச்சுக்குங்க."
நான் விலை பேசியதே அதற்காகத்தான்.

அடியில் இழுப்பறை மாதிரி வந்துபோகும் தொட்டி,
இருபது லிட்டர்.
அதன் வாயில் சறுக்குக் கதவு,
கதவைச் சுற்றி ரப்பர் வளையம்,
சித்திரை மாதக் கெடிலம் போல வெடித்திருந்தது.
தேங்காயெண்ணெய் தடவினேன். மூன்றே நாளில்
ரப்பர் ஊறி உப்பி, கதவு அசைய மறுத்தது.
கற்றுக்கொண்டதற்குக் கட்டணம் முந்நூற்று எண்பது, புது வளையம்.
சிலிக்கான் கிரீஸ் தனி.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பாண்டி.
சண்டே மார்க்கெட்டில், செத்த கம்ப்யூட்டர்களின் குவியலில்
குந்தி உட்கார்ந்து விசிறி பொறுக்கினேன்.
பன்னிரண்டு வோல்ட், உள்ளங்கை அகலம்.
"எந்த மாடலுக்கு மேடம்?"
"வெஸ்டர்ன்" என்றேன்.
தெரிந்தவன் போலத் தலையாட்டினான்.

தொட்டியின் தோளில் துளை போட்டு
கூரை வரைக்கும் ஒன்றரை அங்குலக் குழாய்.
கதவு சறுக்கினால் சுவிட்ச் விழும், விசிறி சுற்றும்,
நாற்றம் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள்
மேலே போய்விடும்.

மாருதி காரின் முன்கண்ணாடிக்கு நீரடித்த குட்டி மோட்டார்
இப்போது வேறொரு இடத்துக்கு அடிக்கிறது.
காகிதத்தால் துடைப்பவர்கள் வரைந்த வண்டியில்
அது ஒன்றுதான் நம் ஊர்.

பிலோமினா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.
இரண்டு பேருக்கும் ஓய்வு ஒரே மே மாதம்.
அவள் செம்மண்டலம், நான் மஞ்சக்குப்பம்.
இருபத்தொன்பது வருஷம்
வீடு வீடாகக் கரண்ட் கணக்கு எடுத்தவர்கள்.

ஒரு நாளைக்கு நூற்றெழுபது மீட்டர்.
காலையில் அரை டம்ளர் காபி, அப்புறம் மூன்று மணி வரை
ஒரு வாய் தண்ணீர் கிடையாது.
தண்ணீர் தராத வீடு கடலூரில் இல்லை.
மோர் தருவார்கள், வெள்ளரிப்பிஞ்சு கூட.
"இப்பதாம்மா பக்கத்து வீட்ல குடிச்சேன்" என்று சொல்வோம்,
பக்கத்து வீட்டிலும் அதையே.

நான் வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு முறை.
புதுப்பாளையம், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் இருந்த வீடு.
"வேலைக்காரங்களுக்குன்னு பின்னாடி ஒண்ணு இருந்துச்சு,
போன மாசந்தான் இடிச்சோம்."
அந்த அம்மாவின் முகத்தில் நிஜமாகவே வருத்தம்.
அட்டையில் யூனிட் எழுதினேன், நானூற்றுப் பன்னிரண்டு.
ஏனோ அந்த எண் மட்டும் போகவில்லை.

பிலோமினாவுக்கு இரண்டு முறை சிறுநீரகத்தில் கல்.
அதைப் பேசிக்கொள்வதில்லை.
பத்து-பதினொண்ணு கேட்டேன், கொடுத்தாள்.

கடைசியாக அளவு காட்டி.
இன்வெர்ட்டர் பேட்டரி மூடியிலிருந்து ஒரு சிவப்பு மிதவை,
அதன் தலையில் காந்தம், மேலே ஒரு சுவிட்ச்,
இரண்டு குட்டி விளக்கு.
பச்சை எரிந்தால் உட்காரலாம்.
சிவப்பென்றால் கொட்டிவிட்டு வா.
பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"விட மாட்டியா நீ? இங்கயும் மீட்டரா!"

முதல் ஓட்டம் தேவனாம்பட்டினம் வரைக்கும்தான்.
மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி
ஆளுக்கொரு லிட்டர் பாட்டிலைத் திறந்தோம்.
கடகடவென்று, போட்டி மாதிரி.
பிறகு காத்திருந்தோம்.

வரவில்லை.
கூச்சமோ, பழக்கமோ,
உடம்புக்கு இன்னும் ஓய்வு ஆணை கிடைக்கவில்லையோ.
சுண்டல் பையன் இரண்டு தடவை வந்து போனான்.
ஒரு நாய் டயரை முகர்ந்து
எங்களுக்கு முன்னால் முடித்துக்கொண்டு போனது.

நாலே முக்காலுக்குப் பிலோமினா எழுந்தாள்.
தாழ்ப்பாள். சறுக்கும் சத்தம். விசிறி.
வெகுநேரம் விசிறி.

உள்ளேயிருந்து கத்தினாள்:
"கொக்கி எங்கடி? துப்பட்டாவ எங்க மாட்டறது?"

நோட்டை எடுத்து எழுதினேன்.
கொக்கி, இரண்டு.